அப்சல்யூட் பேட்மேன்: பணத்தை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?

கரிக்கோடு:
அப்சல்யூட் பேட்மேனின் முதல் ஆறு இதழ்களை நேற்று ராத்திரி மறுபடி ஒரே மூச்சில் படித்து முடித்தேன், அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். கதை வெளியே வரும், படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள். 2024 அக்டோபரில் டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் புதிய "அப்சல்யூட்" வரிசையில் எழுத்தாளர் ஸ்காட் ஸ்னைடரும் ஓவியர் நிக் டிரகோட்டாவும் இதைத் தொடங்கியபோது "பணமில்லாத பேட்மேன்" என்பது வெறும் விளம்பர வாசகம் என்றுதான் நினைத்தேன். தப்பு. இந்த புரூஸ் வேய்னுக்கு மாளிகை இல்லை, பணிவிடைக்கு ஆள் இல்லை. அப்பா தாமஸ் ஒரு பள்ளி ஆசிரியர், மாணவர்களை விலங்குக் காட்சிசாலைக்கு அழைத்துப்போன இடத்தில் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போகிறார். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார். புரூஸ் நகரத்துக்காக வேலை பார்க்கும் பொறியாளன். ஆல்ஃபிரட் அவனுக்குப் பட்லர் இல்லை, அவனை வேவு பார்க்க வந்த உளவாளி. பொறியாளன் என்பதால் அந்த ஊரின் பாலமும் சுரங்கமும் கழிவுநீர்ப் பாதையும் அவனுக்கு அத்துப்படி, வழக்கமான பணக்கார பேட்மேன் விலைக்கு வாங்கியதை இவன் கையால் கட்டுகிறான். நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அதுவே கோடரித் தலை! என்னைக் கேட்டால் பல வருடங்களில் வந்த பேட்மேன் கதைகளில் இதுதான் முதலிடம்.

பழைய பெட்டி:
தம்பி, உன் உற்சாகம் பிடித்திருக்கிறது, ஆனால் இந்த வித்தையை நான் எத்தனை தடவை பார்த்துவிட்டேன் என்று யோசித்துப் பார். 1992இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள், அடுத்த வருடமே திரும்பி வந்தான். 2011இல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு 52 தொடர்களை ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தார்கள், 2016இல் அதையும் பாதி பின்வாங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் "புதிய வாசகர்கள் இங்கிருந்து தொடங்கலாம்" என்று அதே அழைப்பு. இப்போது இந்த அப்சல்யூட் வரிசையில் ஒவ்வொரு ஹீரோவிடமிருந்தும் எதையாவது பிடுங்குவது. பேட்மேனிடமிருந்து பணம், வொண்டர் வுமனிடமிருந்து தாய்நாடு, சூப்பர்மேனிடமிருந்து வளர்த்த பெற்றோரின் அரவணைப்பு. பிடுங்குவது சுலபம். பிடுங்கிய இடத்தில் என்ன வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. முதல் இதழிலேயே அந்தக் கோடரியால் ஒரு அடியாளின் கையை வெட்டுகிறான். கொல்லவில்லையாம், அதனால் பேட்மேனாம். எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட மனசே வரவில்லை.

மூன்றாம் கட்டம்:
அண்ணா, நான் காமிக்ஸ் படிக்க ஆரம்பித்தே ஒரு வருடம்தான் ஆகிறது, அதனால் என்னைப் போன்ற ஆளுக்காக ஒரு வார்த்தை. அந்த 52 தொடர்களும் எனக்குத் தெரியாது, சூப்பர்மேன் செத்ததும் தெரியாது. எனக்கு இதுதான் முதல் பேட்மேன். கையில் எடுத்தேன், புரிந்தது, அடுத்த இதழ் எப்போது என்று கேட்டேன். ஐந்தாவது தடவை ஏமாறுகிறோம் என்ற கோபம் உங்களுக்கு நியாயமானதுதான், ஆனால் அந்தக் கோபத்தை இந்தக் கதையின் தலையில் கட்டலாமா?

பழைய பெட்டி:
நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். இந்தக் கதை உனக்காக எழுதப்பட்டது போலத் தோன்றும், ஆனால் அதன் பாதி பலம் என் ஞாபகத்திலிருந்து வருகிறது. புரூஸின் சிறுவயது நண்பர்கள் யார்? வேலன் ஜோன்ஸ், ஆஸ்வால்ட் காபில்பாட், ஹார்வி டென்ட், எட்வர்ட் நிக்மா, செலினா. இந்தப் பெயர்களைப் பார்த்ததும் என் வயிறு கலங்குகிறது, ஏனென்றால் இவர்கள் பின்னால் கில்லர் கிராக், பெங்குவின், டூ ஃபேஸ், ரிட்லர், கேட்வுமன் என்று பேட்மேனின் எதிரிகளாக ஆகக்கூடியவர்கள் என எனக்குத் தெரியும். அந்தக் கலக்கத்தை ஸ்னைடர் சம்பாதிக்கவில்லை, 1939இல் தொடங்கி எத்தனையோ பேர் எழுதி வைத்ததைக் கடன் வாங்குகிறார். புதிது என்று சொல்லிக்கொண்டு பழையதின் மேல் நிற்பது எனக்கு உறுத்துகிறது.

மூன்றாம் கட்டம்:
ஆனால் அது தெரியாமல் படித்த எனக்கும் அந்த நண்பர்கள் பிடித்ததே. வேலன் ஒரு நல்ல மனுஷன், நண்பனுக்காக நிற்கிறவன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அவன் பின்னால் யாராக ஆகலாம் என்பதை இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு விதமாகவும் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

கரிக்கோடு:
அதேதான்! தெரிந்தவனுக்குப் பயம், தெரியாதவனுக்குப் பாசம்.

அண்ணா, கையை வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முகமூடி போட்ட பார்ட்டி அனிமல்ஸ் கும்பல் ஊரையே சூறையாடுகிறது, பின்னால் இருந்து நடத்துவது பிளாக் மாஸ்க் என்ற வில்லன். அந்த ஊரில் பயம் முழுக்க அவர்கள் பக்கம் இருக்கிறது. இந்த பேட்மேனுக்கு நிழலில் மறைய வசதியான மாளிகையும் குகையும் கிடையாது, அதனால் அவன் மறைவதே இல்லை, பூதாகரமான உடம்போடு நடுத்தெருவில் வந்து நிற்கிறான். டிரகோட்டா அதை வரைந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள், பக்கத்தைப் பொடிப்பொடிக் கட்டங்களாக நறுக்கி நம் கண்ணை ஓட ஓட விரட்டிவிட்டு, திடீரென்று கட்டமே கொள்ளாத உடம்பாக அவனை வைக்கிறார். வன்முறை அதிகம்தான். ஆனால் அது அலங்காரத்துக்கு வந்தது இல்லை, அந்த உலகத்தின் அழுத்தம் அது. இந்த உலகமே டார்க்சைட் என்ற பெரிய வில்லனின் சக்தியில் உருவானது என்று தொடரின் முன்னோட்ட இதழிலேயே சொல்லிவிட்டார்கள், இங்கே நல்லவன்தான் வரிசையில் கடைசி ஆள்.

நள்ளிரவு வாசகி:
நடுவில் வருகிறேன். "வில்லன் உருவாக்கிய உலகம்" என்ற கரு டிசிக்கு முன்னாலேயே மார்வெலில் வந்துவிட்டது, அதை யாரும் சொல்லவில்லையே. 2023இல் ஜொனதன் ஹிக்மனின் கதையில் மேக்கர், அதாவது ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவின் விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸின் கெட்டுப்போன ஒரு வடிவம், கடந்த காலத்துக்குள் போய் ஹீரோக்கள் ஹீரோக்களாக ஆவதையே தடுத்துவிடுகிறான். அதிலிருந்து 2024 ஜனவரியில் வந்தது புதிய அல்டிமேட் ஸ்பைடர்மேன், ஹிக்மன் எழுத்து, மார்கோ செக்கெட்டோ ஓவியம். அதில் பீட்டர் பார்க்கர் முப்பதைத் தாண்டியவன், மேரி ஜேனைக் கல்யாணம் செய்து இரண்டு குழந்தைகளோடு இருக்கிறவன். சிலந்தி அவனைப் பதினைந்து வயதில் கடிக்கவில்லை, ஒரு நாள் ஒரு பெட்டியில் வருகிறது, கூடவே "உன்னிடமிருந்து இது திருடப்பட்டது" என்ற செய்தியும். கடிக்க விடலாமா வேண்டாமா என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்றால், பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் கல்யாணம் நடந்தது, 2007இல் மெஃபிஸ்டோ என்ற சாத்தானோடு பேரம் பேச வைத்து அந்தக் கல்யாணமே நடக்காதது போல அழித்தார்கள். இருபது வருடக் கதை! அதைப் படித்துவிட்டு நான் ஸ்பைடர்மேனையே மூடி வைத்தேன். பதினேழு வருடம் கழித்து, வேறு ஒரு உலகத்தில்தான் என்றாலும், அந்தக் குடும்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான்காவது இதழில் சண்டையே கிடையாது, இரண்டு தம்பதிகள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். பீட்டரும் மேரி ஜேனும், நண்பன் ஹாரியும் அவன் மனைவி குவெனும். எனக்கு இரண்டு வருடங்களில் வந்ததிலேயே பிடித்த சூப்பர் ஹீரோ இதழ் அதுதான்.

பழைய பெட்டி:
2007 விஷயத்தில் நீ சொல்வது நூறு சதவீதம் சரி, அந்தக் காயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அல்டிமேட்டில் எனக்கு ஒரு குறை உண்டு, அங்கே கதை நிஜக் காலத்தில் நடக்கிறது, நமக்கு ஒரு மாதம் போனால் அவர்களுக்கும் ஒரு மாதம். கேட்க அருமையான யோசனை. நடைமுறையில் என்ன ஆகிறது? முக்கியமான சண்டையும் சந்திப்பும் இரண்டு இதழ்களுக்கு நடுவில் எங்கேயோ நடந்துவிடுகிறது, அடுத்த இதழில் யாராவது அதைப் பேசித் தெரிவிக்கிறார்கள். இருபது பக்கத்தில் ஒரு மாத வாழ்க்கையை அடக்க வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை.

நள்ளிரவு வாசகி:
அந்த இடைவெளி இருந்ததால்தானே பீட்டரை வளர்த்த பென் பெரியப்பாவைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது. வழக்கமான கதை போல இந்த உலகத்தில் பென் சாகவில்லை, மே பெரியம்மாதான் போய்விட்டார். பென்னும் பத்திரிகை ஆசிரியர் ஜேம்சனும் முதலாளி ஃபிஸ்கின் பத்திரிகையிலிருந்து வெளியேறி இரண்டு கிழவர்களாகச் சொந்தப் பத்திரிகை ஆரம்பிக்கிறார்கள். "பொறுப்பு" என்பதை இறந்தவரின் குரலாகவே கேட்டுப் பழகிய நமக்கு, அதே மனிதர் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு வாழ்ந்து காட்டுவது புதுசு. இருந்தாலும் நீங்கள் சொல்லும் குறையை மறுக்கவில்லை, இரண்டாம் வருடத்தில் பல இதழ்களை நான் "இதற்கு முன்னால் என்ன ஆயிற்று" என்று தேடிக்கொண்டேதான் படித்தேன்.

கரிக்கோடு:
எல்லோரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், ஓவியத்துக்காக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 2025 மார்ச்சில் தொடங்கிய அப்சல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர் யாராவது படித்தீர்களா? எழுத்து டெனிஸ் கேம்ப், ஓவியமும் வண்ணமும் ஹாவியெர் ரொட்ரிகெஸ். ஜான் ஜோன்ஸ் என்ற எஃப்பிஐ அதிகாரி ஒரு குண்டுவெடிப்பில் பிழைக்கிறான், அதன் பிறகு மற்றவர்களின் மனசு அவனுக்கு நிறப் புகையாகத் தெரிய ஆரம்பிக்கிறது. செவ்வாய்க்காரன் வெளியே வேற்றுகிரக உடம்போடு நிற்பதில்லை, இவன் தலைக்குள் இருக்கிறான். இதைப் படமாக எடுத்தால் ஒளி வித்தையாகப் போய்விடும், நாவலாக எழுதினால் உவமையாகப் போய்விடும். காமிக்ஸில் மட்டும் அந்தப் புகை வசனப் பலூனுக்கும் கட்டத்தின் ஓரத்துக்கும் நடுவில் வளைந்து போக முடியும், நீங்கள் எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதையே அந்த நிறம் முடிவு செய்யும். வீட்டில் மனைவி பிரிட்ஜெட்டோடு அவன் பேசும் காட்சியில் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டதெல்லாம் வண்ணமாகப் பக்கத்தில் கிடக்கிறது, ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. ஆறு இதழாக அறிவித்ததைப் பன்னிரண்டாக நீட்டினார்கள் என்றால் சும்மா இல்லை. பழைய கதாபாத்திரத்திலிருந்து பிடுங்கியது என்று இதைச் சொல்ல முடியுமா அண்ணா? இதில் வைத்ததுதான் அதிகம்.

பழைய பெட்டி:
அது படித்தேன். அது நல்ல காமிக்ஸ், மறுபேச்சே இல்லை. ஆனால் பார், அது பிரபலமில்லாத ஹீரோ, அதனால்தான் அந்தச் சுதந்திரம். பேட்மேனை அப்படிச் செய்ய விடுவார்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதையும் ஏற்காதவன் என்று ஆகிவிடும். அப்சல்யூட் வொண்டர் வுமன் என்னை அடித்துப்போட்டுவிட்டது. கெல்லி தாம்சன் எழுத்து, ஹேடன் ஷெர்மன் ஓவியம், 2025இல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரில் சிறந்த புதிய தொடருக்கான விருதும் அதற்குத்தான் கிடைத்தது. டயானாவை, அதாவது வொண்டர் வுமனை, அமேசான்கள் என்ற அவளுடைய வீராங்கனை இனத்திடமிருந்து பிரித்துக் குழந்தையாகவே நரகத்தில் கொண்டுவிடுகிறார்கள், வளர்ப்பவள் சூனியக்காரி சர்சி. அமேசான் என்ற பெயரையே அங்கே உச்சரிக்கக் கூடாது. எலும்புக்கூடாகப் போன பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை மேல் ஏறி, தன்னைவிடப் பெரிய வாளோடு வருகிறாள், பார்த்தால் இவளும் இன்னொரு முரட்டு ஹீரோ என்றுதான் தோன்றும். ஆனால் நரகத்தில் வந்து விழுந்த ஸ்டீவ் ட்ரெவரைத் திருப்பி அனுப்ப அவள் தன் கையையே விலையாகக் கொடுக்கிறாள். பழைய கதைகளில் அவன் அவளுடைய காதலன், இங்கே அவளுக்கு அவன் யாரோ ஒரு மனுஷன், அவ்வளவுதான். எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் அவளிடம் இரக்கம் அப்படியே இருக்கிறது. வேண்டாவெறுப்பாகக் குழந்தையை வாங்கிய சர்சி கொஞ்சம் கொஞ்சமாக அம்மாவாக ஆகும் பக்கங்களை நான் மூன்று தடவை படித்தேன்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வை. அவள் தன் கையைக் கொடுக்கிறாள். உன் பேட்மேன் இன்னொருவன் கையை வெட்டுகிறான்.

மூன்றாம் கட்டம்:
இதை நான் யோசிக்கவே இல்லை. இன்று ராத்திரியே வொண்டர் வுமனை ஆரம்பிக்கிறேன்.

கரிக்கோடு:
கடுமையாகத்தான் சொன்னீர்கள், உடனே பதில் வரவில்லை, எடுத்து மறுபடி படித்துவிட்டு வந்தேன். நான் சொல்வது இதுதான்: டயானாவுக்கு நரகத்தில் ஒரு சர்சி இருந்தாள், ஒரே ஒருத்தி, ஆனால் முழுசாக இருந்தாள். புரூஸுக்கு மார்த்தா இருக்கிறார், ஆனால் அவன் ராத்திரியில் செய்வதையெல்லாம் அம்மாவிடமிருந்து மறைத்துவைத்திருக்கிறான். அவனிடம் இரக்கம் இல்லாமல் இல்லை, அதைக் காட்டக்கூடிய ஒரே ஆளிடமிருந்து தள்ளி நிற்கிறான். அம்மா உயிரோடு இருக்கும் பேட்மேன் என்பதன் அர்த்தமே அதுதான் என்று நினைக்கிறேன், இழந்ததற்காகச் சண்டை போடும் ஆள் இவன் இல்லை, இழக்க இன்னும் ஒருத்தி இருக்கும் ஆள். கையை வெட்டிய பக்கத்தை நியாயப்படுத்த நான் இனிமேல் முயலவில்லை. அது தப்பு என்று கதையே ஒரு நாள் சொல்ல வேண்டும், மார்த்தா வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமலே போனால் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

நள்ளிரவு வாசகி:
மார்த்தா வாயால் என்றால் நானும் படிக்கிறேன். அடுத்த மாதம் ஸ்பைடர்மேனுக்குப் பக்கத்தில் அதையும் எடுத்து வைக்கிறேன்.

பழைய பெட்டி:
தம்பி, நீ சொன்ன அம்மா விஷயம் என் கண்ணில் படவில்லை, ஒத்துக்கொள்கிறேன். முதல் இதழோடு நிறுத்தியிருந்தேன், இரண்டாவதிலிருந்து எடுக்கிறேன். ஆனால் கடன் வாங்கிய பயம் என்று சொன்னேனே, அதில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, படித்து முடித்துவிட்டு அதைப் பற்றித்தான் முதலில் பேசுவேன்.