புதுப்பிப்பு: தங்கச்சியின் மகனுக்கு ‘மயில்வாகனம்’ என்று பெயர் வைக்கலாமா?

அம்மப்பாவின் பெயரான மயில்வாகனத்தைத் தங்கச்சியின் மகனுக்கு வைக்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெயர் வைத்தாயிற்று.

மயிலை வாகனமாகக் கொண்டவன், முருகன். அது தெரிந்ததுதான். நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஏன் இந்தப் பெயர் இவ்வளவு என்று சிலர் கேட்டீர்கள். மண்டூர், சித்தாண்டி, தாந்தாமலை, திருக்கோவில், உகந்தை என்று எங்கு போனாலும் முருகன். மண்டூரைச் சின்னக் கதிர்காமம் என்றே சொல்வோம். நேர்த்தி வைத்துப் பிறந்த பிள்ளைக்கு வேறு என்ன பெயர் வரும்? காரைதீவில் 1892இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் பிறந்த தமிழறிஞர் விபுலானந்த அடிகளின் இயற்பெயரும் இதுதான். 1924இல் துறவறம் பூண்டபோதுதான் விபுலானந்தர் ஆனார். இதைச் சொன்னதும் மச்சான் சம்மதித்துவிட்டார்.

மாமிதான் மசியவில்லை. பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்களாம், ‘ஷன்’ என்று முடிகிற பெயர்தான் வேண்டுமாம். இப்போது எல்லா வீட்டிலும் அப்படித்தான். மயில்வாகனம் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் வரும் அப்பா பெயராக மட்டும் ஒதுங்கிக்கொண்டு போவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

நல்லகாலம், பிள்ளையின் நட்சத்திரம் மகம். ம, மி, மு, மே என்ற எழுத்துகளில்தான் தொடங்க வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டார். அப்புறம் மாமியே ஒரு வழி சொன்னார்: ‘மயில்வாகனன்’ என்று ‘ன்’ போட்டு வையுங்கள். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனன் குரலைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அப்படியே பதிந்துவிட்டோம். வீட்டில் மயிலன்.