தினமும் மூன்று முறை துவைக்கிறோம்: வணிகத் தரச் சலவை இயந்திரம் வாங்கலாமா?

ஈரக்காற்று (கேள்வி)

வணக்கம். என் தந்தை ஆறு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். விரிப்பு, அடிவிரிப்பு, உடுப்பு, துண்டு என்று காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை சலவை இயந்திரம் ஓடியாக வேண்டும். ஒரு நாள்கூட இடைவெளி கிடையாது.

முதல் இயந்திரம் நான்கு ஆண்டு உழைத்தது. ஒரு நாள் மோட்டாரில் பொறி பறந்து, கருகிய வாடை அடித்து நின்றுவிட்டது. இனி இதற்குச் செலவு செய்வது வீண் என்றார்கள். புதியது வாங்கிப் பதினாறு மாதம்தான் ஆகிறது. இப்போது அதுவும் பிழியும்போது கடகடவென்று அதிர்கிறது. முன்பக்கம் திறக்கும் வகை. அடியில் பழுப்பு நிறத்தில் நீர் சொட்டியிருக்கிறது.

விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் வைக்கும் வணிகத் தர இயந்திரம் ஒன்றை வாங்கிவிடலாமா என்று நினைக்கிறேன். விலை பல மடங்கு. ஒரே முறை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால் எப்படியாவது புரட்டிவிடுவேன். இயந்திரம் நின்ற நாளில் அப்பாவுக்கு மாற்று விரிப்பு இல்லாமல் நான் பட்ட பாடு இன்னொரு முறை வேண்டாம். வீடு முதல் மாடியில் இருக்கிறது. சிங்கிள் ஃபேஸ் மின்சாரம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருகாணி

சகோதரி, புதியதைப் பற்றிப் பேசுவதற்கு முன் இப்போது இருப்பது எதனால் கெட்டது என்று பார்த்துவிடுவோம். காரணம் தெரியாமல் வாங்கினால் அடுத்ததும் அதே வழியில் போகலாம்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறங்கள். வெறும் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். வெளித் தொட்டியும் டிரம்மும் சேர்ந்தே ஆடினால் கவலையில்லை, அது ஸ்பிரிங்கில் தொங்குவதால் வரும் இயல்பான ஆட்டம். தொட்டி அசையாமல் டிரம் மட்டும் தனியாக ஆடினால், டிரம்மின் அச்சு சுழலத் தாங்கும் வளையமான பேரிங் போய்விட்டது, அல்லது ஸ்பைடர் உடைந்திருக்கிறது. ஸ்பைடர் என்பது டிரம்மின் பின்புறத்தைத் தாங்கும் மூன்று கை கொண்ட உலோகத் தாங்கி. பிறகு டிரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று கேட்டால் பேரிங். ஓசை இல்லாமல் கோணலாகச் சுற்றி, வாய் ரப்பரில் உரசினால் ஸ்பைடர்.

பழுப்பு நீரைப் பார்த்தால், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் விட்டுக் கொடுத்து, பேரிங்குக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. இன்னொன்று: துவைக்கும்போது என்னென்ன சேர்க்கிறீர்கள்?

ஈரக்காற்று

டிரம் தனியாக ஆடுகிறது ஐயா. கரகர ஓசையும் உண்டு, ரப்பரில் ஒரு பக்கம் உரசிய தடமும் இருக்கிறது.

சலவைத் தூள் சற்றுத் தாராளமாகவே போடுவேன். கறையும் வாடையும் போக வேண்டும் அல்லவா? போன ஆண்டு அப்பாவுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்தது. அதிலிருந்து கிருமி இருக்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் குளோரின் பிளீச் ஒரு குவளை ஊற்றுகிறேன். தண்ணீர் குளிர்ந்ததுதான், சூடாக்கினால் நேரம் ஆகிறது.

திருகாணி

பிடி கிடைத்துவிட்டது. பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் டிரம் துருப்பிடிக்காத எஃகு, ஸ்பைடர் அலுமினியக் கலவை. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். மிச்சமான தூள் குளிர்ந்த நீரில் கரையாமல் அந்தக் கைகளின் இடுக்கில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் தினமும் மூன்று முறை குளோரின் என்றால் அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்? கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுந்திருக்கும்.

நீங்கள் செய்ததில் தவறு சொல்ல மனம் வரவில்லை; புண்ணோடு படுத்திருப்பவருக்காகச் செய்தது. ஆனால் இதே பழக்கத்தோடு எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரம் வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது, அதன் ஸ்பைடர் எந்த உலோகம் என்பதைத்தான்.

அளவுகோல்

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். நாளைக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 சலவை. வாரத்துக்கு ஐந்து முறை துவைக்கும் வீட்டில் ஆண்டுக்கு 260தான். உங்கள் முதல் இயந்திரம் நான்கு ஆண்டில் 4,400 சலவை செய்திருக்கிறது. அந்த வீட்டில் இருந்திருந்தால் அது பதினேழு ஆண்டு உழைப்பு! அதை அற்பாயுள் என்று சொல்வது நியாயமில்லை. இரண்டாவது, 1,450 சலவையிலேயே விழுந்துவிட்டது. பிளீச் அதன் காலத்தில்தான் தொடங்கியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உறுதிக்குப் பெயர் பெற்ற நிறுவனங்கள் சொல்லும் ஆயுளையும் இப்படியே மாற்றிப் படிக்க வேண்டும். ஸ்பீட் குயீன் 25 ஆண்டு என்று சொல்வதன் அடிப்படை 10,400 சலவை, அதாவது வாரத்துக்கு எட்டு. உங்கள் வீட்டில் அது ஒன்பதரை ஆண்டு. மீலே தன் வீட்டு இயந்திரங்களுக்கு 20 ஆண்டு என்று சொல்வது 10,000 மணி நேர ஓட்டத்தை வைத்து. ஒரு சலவை ஒன்றரை மணி நேரம் என்றால் உங்களுக்கு ஆறு ஆண்டு. முதலாவது எண்ணிக்கைக் கணக்கு, இரண்டாவது மணிக் கணக்கு. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. விளம்பரத்தில் ஆண்டைப் பார்க்காதீர்கள், எத்தனை சலவை அல்லது எத்தனை மணி என்று கேளுங்கள்.

ஆக, வாரத்துக்கு நான்கைந்து முறை துவைக்கும் வீட்டுக்கு வணிகத் தரம் தேவையே இல்லை என்பேன். வாரத்துக்கு இருபத்தொன்று என்பது வேறு உலகம்.

நிழல்மரம்

நான் பல ஆண்டு ஒரு விடுதியின் சலவைக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவள். வணிகத் தரம் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள் அம்மா. ஒன்று, தரையோடு போல்ட் போட்டு இறுக்குவது, ஹார்டு மவுண்ட். அதில் ஸ்பிரிங் தொங்கல் பெரிதாக இல்லை, அதிர்வு முழுவதும் தரைக்குப் போகும். தரைத்தளத்தில் கான்கிரீட் அடித்தளம் போட்டுத்தான் நிறுத்துவோம். மாடி வீட்டுக்கு அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். 50 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும்போது, ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்ட ஒரு கிலோ ஈரத்துணி சுமார் 400 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். அந்த விசையைத் தாங்கத்தான் வீட்டு இயந்திரத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கின்றன. ஹார்டு மவுண்டில் அதனாலேயே சுழல் வேகத்தைக் குறைத்து வைப்பார்கள், துணி ஈரமாகத்தான் வெளியே வரும்.

இன்னொன்று சாஃப்ட் மவுண்ட். உள்ளே தொங்கல் அமைப்போடு வரும். வீட்டு இயந்திரத்தின் அளவிலேயே சிறியவை உண்டு, சிங்கிள் ஃபேஸில் ஓடுபவையும் உண்டு. ஆனால் அந்த மின்சாரத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். சுடுநீர்க் குழாய் இணைப்பு கொடுத்தால் நேரம் மிச்சம்.

வாங்குமுன் கழிவுநீர் வழியைப் பாருங்கள். பம்ப் உள்ளதும் உண்டு, அடியில் வால்வு திறந்து மொத்த நீரையும் ஒரே மூச்சில் கொட்டுவதும் உண்டு. கொட்டும் வகைக்கு இயந்திரத்தைவிடத் தாழ்வாக, அகலமான வடிகால் வேண்டும். இது தெரியாமல் வாங்கி, ஒரு வாரம் கூடம் முழுக்க வெள்ளத்தில் நின்றோம்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். முக்கால் மணி நேரத்தில் துவைத்து முடித்துவிடும். தண்ணீர் அதிகம் எடுக்கும், அதனால் அலசல் அருமையாக இருக்கும். புண் உள்ள தோலுக்குச் சோப்பு மிச்சமில்லாத துணி எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்கே தெரியும்.

மறுகரை

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விலை பல மடங்கு என்கிறீர்கள். அந்தப் பணத்தில் சாதாரண இயந்திரம் இரண்டு வாங்கி அருகருகே வையுங்கள். ஒன்று நின்றால் மற்றது ஓடும். எவ்வளவு உறுதியான இயந்திரமாக இருந்தாலும் ஒரு வால்வோ கதவுப் பூட்டோ கெட்டால் நின்றுவிடும். அதன் பாகம் வந்து சேர நாளானால் அத்தனை நாளும் உங்கள் அப்பா என்ன செய்வார்? உங்களுக்கு வேண்டியது நிற்காத சலவை. அதற்கு ஒற்றை இயந்திரம் எதுவும் பொறுப்பேற்க முடியாது.

திருகாணி

மறுகரை சொல்வது எனக்கு உறைத்தது. ஆனால் சாதாரண இயந்திரம் என்று வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். இப்போது பல மாடல்களில் பிளாஸ்டிக் தொட்டியின் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங் மாற்ற வேண்டுமென்றால் தொட்டியையே மாற்ற வேண்டும், கூலியும் பாகமும் சேர்ந்து புதிய இயந்திரத்தின் பக்கத்தில் வந்துவிடும். சுற்றிலும் திருகு போட்டு மூடிய தொட்டி என்றால் பிரித்து, பேரிங்கும் சீலும் மாற்றி மறுபடி மூடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் விற்பனைக்கு வரும் மாடல்களுக்கு 10 ஆண்டு உதிரிபாகம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதிலும் டிரம், ஸ்பைடர், பேரிங் மூன்றையும் தனித்தனியாகவோ ஒரே தொகுதியாகவோ கொடுக்கலாம் என்றே எழுதியிருக்கிறது. ஆகவே "பாகம் கிடைக்கும்" என்ற பதிலோடு நிற்காமல், பேரிங் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கேட்க மறந்துவிட்டேன். பொறி பறந்து நின்ற அந்த முதல் இயந்திரம் எங்கே?

ஈரக்காற்று

பின்கட்டில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. எடுத்துப் போட ஆள் வரவில்லை.

திருகாணி

போடாதீர்கள்! பெல்ட் ஓட்டும் வகையாக இருந்தால் பல மோட்டார்களில் இரண்டு கார்பன் பிரஷ் இருக்கும், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித் துண்டுகள். தேய்ந்து குட்டையானதும் பொறி பறக்கும், வாடை வரும், கடைசியில் மோட்டார் சுற்றாது. நீங்கள் சொன்னது அப்படியே அதுதான். மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரஷ் மிக மலிவான பாகம். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், நீங்களாக மோட்டாரில் கை வைக்க வேண்டாம்.

வெண்விரிப்பு

நோயாளிப் பராமரிப்பில் இருப்பவன் என்பதால் கிருமி பற்றி மட்டும் சொல்கிறேன். கழிவு பட்ட விரிப்பை முதலில் குளிர்ந்த நீரில் தனியாக அலசிவிடுங்கள். நேராகச் சூட்டில் போட்டால் கறை ஊறிப் பிடித்துக்கொள்ளும். பிறகு 60 டிகிரியில், பெர்கார்பனேட் கலந்த தூளோடு துவையுங்கள். அது குளோரின் அல்ல, ஆக்சிஜன் பிளீச். பிரிட்டனின் மருத்துவமனைச் சலவை வழிகாட்டியில் 65 டிகிரியில் 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் துணி இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சிக்கன நிரல்களில் எழுதியிருக்கும் சூட்டை எல்லா வீட்டு இயந்திரமும் எட்டுவதில்லை. வணிகத் தர இயந்திரத்தில் சூட்டையும் நேரத்தையும் நாமே நிர்ணயிக்கலாம். உங்கள் நிலையில் எனக்கு ஆயுளைவிட இதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

ஈரக்காற்று

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். மெக்கானிக் வந்து இரண்டையும் பிரித்தார். புதியதில் ஸ்பைடரின் ஒரு கை பாதிக்கு மேல் விரிசல். திருகாணி ஐயா சொன்ன வெள்ளைப் பொடி கைவிரலில் ஒட்டியது. தொட்டி உருக்கி ஒட்டியது. அதை விட்டுவிட்டோம்.

பழையதில் பிரஷ்தான். ஒன்று 7 மில்லிமீட்டர், இன்னொன்று 5. அவர் கொண்டு வந்த புதிய பிரஷ் 35. மாற்றி, மாலையே இரண்டு சுமை துவைத்துவிட்டேன். பொறி இல்லை, வாடை இல்லை. அதன் தொட்டியில் திருகுகள் இருக்கின்றன என்பதையும் எண்ணிக் காட்டினார், பதினெட்டு.

பிளீச்சை நிறுத்திவிட்டேன். தூளைப் பாதியாகக் குறைத்து 60 டிகிரியில் ஓட்டுகிறேன். சிறிய சாஃப்ட் மவுண்ட் ஒன்றை வாங்குவது என்றே முடிவு செய்திருக்கிறோம். பழையது துணைக்கு நிற்கும். மறுகரை அவர்களே, இரண்டு இயந்திரம் வேண்டும் என்று நீங்கள் சொன்னது இப்படி முடிந்தது. விற்பவரிடம் நான்கு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஸ்பைடர் எந்த உலோகம், பம்பா வால்வா, பேரிங் தனியாகக் கிடைக்குமா, வீட்டில் வைத்தால் உத்தரவாதம் செல்லுமா? மூன்றுக்குப் பதில் வந்துவிட்டது. நான்காவதை எழுத்தில் தரத் தயங்குகிறார். தரும் வரை முன்பணம் கொடுக்கப்போவதில்லை.