லாரன்ஸ் ஆஃப் அரேபியா: இடைவேளைக்குப் பின் சப்டைட்டில் பொருந்தவில்லை

டேவிட் லீனின் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) படத்தை அப்பாவுக்குக் காட்ட வேண்டும். அவருக்குக் காது மந்தம், சப்டைட்டில் இல்லாமல் முடியாது. பாலைவனக் கானல் நீரிலிருந்து ஓமர் ஷெரீஃப் மெல்ல உருவாகி வரும் அந்தக் காட்சியை அவர் பார்த்தே ஆக வேண்டும்.

என்னிடம் இருப்பது 1989இல் மீட்டெடுத்து வெளியிட்ட, 227 நிமிடம் ஓடும் பதிப்பு. லேப்டாப்பில் வி.எல்.சி. வீடியோ பிளேயரில் போடுகிறேன். லாரன்ஸ் கெய்ரோ வந்து சேரும் வரை வரிகள் ஓரளவு சரி. இடைவேளைக்குப் பிறகு வசனத்துக்கு முன்பே வந்துவிடுகின்றன, போகப்போக இடைவெளி கூடுகிறது. ஜெனரல் ஆலன்பியாக நடித்த ஜாக் ஹாக்கின்ஸ் காலமாகிவிட்டதால் சார்லஸ் கிரே குரல் கொடுத்தாரே, மீட்டெடுத்த அந்த ஆலன்பி காட்சி, அதில் ஒரு வரிகூட இல்லை. 1971இல் மறுவெளியீட்டுக்காக வெட்டிய 187 நிமிடப் பதிப்புக்கு எழுதிய சப்டைட்டில் கோப்போ இது என்று சந்தேகம்.

தாமதத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு காட்சி சரியானால் அடுத்தது கெடுகிறது. ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்ற கணக்கை) 25இலிருந்து 23.976க்கு மாற்றியும் பயனில்லை. வேறு கோப்புகளிலும் இதே கதை. அதே லேப்டாப்பில் ‘டாக்டர் ஷிவாகோ’ சிக்கலின்றி ஓடியது, அதனால் பிளேயரில் கோளாறு இல்லை.

227 நிமிடப் பதிப்புக்கு முழுமையாகப் பொருந்தும் சப்டைட்டில், தமிழோ ஆங்கிலமோ, யாரிடமாவது இருக்கிறதா?