அடுத்த குவெரியை டேட்டாபேஸே சொல்லித் தரலாமா?

நத்தை:
புது டேட்டாபேஸ் ஒண்ணு கைக்கு வருது. நூத்துக்கணக்குல டேபிள், காலம் (நெடுவரிசை) பேரெல்லாம் அரைகுறைச் சுருக்கம். எதை எதோட ஜாயின் பண்ணணும்னு சொல்ல ஆளில்லை. ஆனா முன்னாடி வந்தவங்க எழுதின குவெரி, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேட்ட கேள்வி எல்லாம், லாகுல (பதிவேட்டுல) சும்மா கிடக்குது. நான் எழுதின ரெண்டு மூணை வச்சு, "இதே மாதிரி தேடினவங்க அடுத்து இதைப் போட்டாங்க"ன்னு கருவி காட்டினா என்ன தப்பு? ஸ்கைசர்வர் வானியல் தரவுத்தளத்தோட லாகை வச்சு 2009-லேயே இப்படி ஒரு ஆய்வு வந்தாச்சு.

முதன்மைச்சாவி:
சினிமா பரிந்துரை மாதிரி நினைக்கிறீங்க. படம் மோசம்னா பாதியில எழுந்து வந்துடலாம். தப்பான குவெரி எரர் காட்டாது, அழகா ஒரு எண்ணைக் கொடுத்துட்டுப் போயிடும்.

நீங்க சொன்ன ஸ்கைசர்வரையே எடுத்துக்கங்க. ஃபோட்டோஓபிஜேஆல் டேபிள்ல, ஒரே நட்சத்திரத்தை ரெண்டு தடவை படம் எடுத்திருந்தா ரெண்டு வரிசை இருக்கும். தெரியாம எண்ணினா கணக்கு ஊதிப்போகும். பத்துப் பேர் அப்படி எண்ணியிருந்தா கருவி பதினொண்ணாவது ஆளுக்கும் அதையே நீட்டும்.

நத்தை:
இது என் கட்சிக்கான உதாரணம் சார்! தனியா எழுதுறவன்தான் அந்தக் குழியில விழுவான். ஃபோட்டோபிரைமரின்னு, ஒரு பொருளுக்கு ஒரே வரிசை தர்ற வியூ (வடிகட்டின டேபிள் மாதிரி) இருக்குங்கிறதே அடுத்தவங்க குவெரியைப் பார்த்தாத்தானே தெரியும்?

வெற்றுமதிப்பு:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எங்க ஆபீஸ்ல இதைச் செஞ்சு பார்த்தோம். முதல் நாள் எல்லாருக்கும் ஒரே பரிந்துரை. தோண்டிப் பார்த்தா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் டேஷ்போர்டு தானா ஓட்டுற குவெரி அது. கூட்டத்தோட அறிவுன்னு நினைச்சது கடைசியில ஒரு மெஷினோட புலம்பல். இன்னொரு பரிந்துரையில, எந்த வரிசை வேணும்னு சொல்ற வேர் (WHERE) கண்டிஷன்ல ஒரு ஊழியரோட எண் அப்படியே இருந்துச்சு. அவரைப் பத்தி யாரோ தேடியிருக்காங்கன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.

நத்தை:
மெஷின் குவெரியை வடிகட்டலாம், மதிப்புகளை எடுத்துட்டு கேள்விக்குறி வைக்கலாம். அதெல்லாம் பராமரிப்பு வேலை. லாகே இல்லாத புது டேட்டாபேஸ்ல கருவி ஊமைதான், அதை ஒத்துக்கிறேன்.

முதன்மைச்சாவி:
நானும் ஒரு படி இறங்கி வர்றேன். முழு குவெரி வேண்டாம், துண்டு கொடுக்கட்டும். 2010-ல ஸ்னிப்சஜஸ்ட்னு ஒண்ணு வந்துச்சு. நீங்க எழுத எழுத, அடுத்த டேபிள், அடுத்த கண்டிஷன் எதுவா இருக்கலாம்னு மட்டும் சொல்லும். கை நம்மளோடது, அதனால கண்ணும் கூடவே போகும்.

அதுலயும் ஒரு பயம் இருக்கு. ஸ்கைசர்வர்ல நிறமாலை விவரம் இருக்கிற ஸ்பெக்ஓபிஜேல செம்பெயர்ச்சி (ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு) எடுக்கிறவங்க "இசட்வார்னிங் = 0"ன்னு போடுறது வழக்கம், சந்தேகமான அளவீட்டை ஒதுக்க. ஆனா விசித்திரமான நிறமாலை தேடி வந்தவருக்கு, அந்த ஒதுக்கின குப்பையிலதான் புதையல் இருக்கலாம். கண்டிஷனைச் சொல்ற கருவி காரணத்தையும் சொல்லணும்.

நத்தை:
லாகுல காரணம் எங்க இருக்கு? யாராவது குவெரிக்குள்ள விளக்கமா கமெண்ட் எழுதியிருந்தாத்தான் உண்டு.

வெற்றுமதிப்பு:
நான் எழுதுவேன். ஒரே மாதிரி குவெரியைச் சேர்த்து எண்ணணும்னு எங்க கருவி முதல்ல அழிக்கிறதே கமெண்டைத்தான்.