மறுமொழி: அப்பாஸ்திரபி – உடைமைக்குறியா, விடுகுறியா?

அன்புள்ள ஐயா, வணக்கம். ஆங்கிலச் சொற்களில் எழுத்துக்கு மேலே இடும் (') என்ற குறிதான் அப்பாஸ்திரபி. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவின் இழையில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் மறுமொழி இது.

> ஆங்கிலத்தில் இது உடைமையைக் காட்டத்தானே அதிகம் வருகிறது? "உடைமைக்குறி" என்றே வைத்துவிடலாம்.

இதற்கு உடன்பட முடியவில்லை. நாம் வைக்கிற பெயர் பாடநூலில் ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: "உடைமைப் பொருளில் வரும் இட்ஸ் என்ற சொல்லில் உடைமைக்குறி இடக்கூடாது." படிக்கிற பிள்ளை இந்த இடத்திலேயே குழம்பிவிடும். இட்ஸ் மட்டுமல்ல, ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ் எல்லாமே உடைமையைக் காட்டுபவை, ஒன்றிலும் இந்தக் குறி கிடையாது. குறி போட்டு இட்'ஸ் என்று எழுதினால் அது "இட் இஸ்" அல்லது "இட் ஹாஸ்" என்பதன் சுருக்கம். அதில் உடைமையே இல்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடம் இது. சறுக்கலுக்குக் காரணமே "உடைமை என்றால் குறி" என்ற நினைப்புதான். அதையே பெயராகச் சூட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

இன்னொன்றும் உண்டு. "டூ வீக்ஸ்' நோட்டீஸ்" (இரண்டு வார முன்னறிவிப்பு) என்பதில் வாரங்கள் எதையும் உடைமையாக வைத்திருக்கவில்லை. நம் ஆறாம் வேற்றுமைக்கு உடைமை என்று சொல்லாமல் கிழமைப் பொருள், அதாவது தொடர்புப் பொருள், என்று சொன்னார்களே, அந்த விரிவு இங்கே பொருந்தும். அதற்காகக் "கிழமைக்குறி" என்று வைத்தால் இன்றைய வாசகருக்குத் திங்களும் செவ்வாயும்தான் நினைவுக்கு வரும்.

குறியின் பிறப்பைப் பார்த்தால் வழி கிடைக்கிறது. அது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் வேலை ஒன்றுதான்: இங்கே ஓர் எழுத்து விழுந்திருக்கிறது என்று காட்டுவது. "டூ நாட்" என்பதில் ஓர் "ஓ" விழுந்து டோன்'ட் ஆவது அந்த வகை. உடைமைக்கு வந்ததும் இதே வழியில்தான். பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்கள் "எஸ்" என்ற ஒலியோடு, ஒரு "இ"யும் சேர்த்து, வேற்றுமை ஏற்றன. பின்னாளில் அந்த "இ" விழுந்தது, விழுந்த இடத்தில் குறி நின்றது. டி'சூசா என்ற பெயரிலும் அப்படித்தான், "டெ" என்பதன் உயிர் போய்விட்டது.

நம் இலக்கணத்துக்கு இது புதிதல்ல. தோன்றல், திரிதல், கெடுதல் என்று படித்திருக்கிறோம், இது கெடுதல். ஆனால் "கெடுதற்குறி" என்றால் அபசகுனம் போல ஒலிக்கும். குழுவில் வந்த "தொகுகுறி" எனக்கு முதலில் பிடித்தது. உருபு தொக்கி, அதாவது மறைந்து, நிற்பது தொகை, அந்த வழியில் அழகான சொல். சிக்கல் என்னவென்றால், தமிழ் விக்கிப்பீடியாவில் "தொகு" என்ற பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்குத் தொகுப்பது என்றால் திருத்துவது, சேர்ப்பது. பொருள் நேர் எதிராகப் போய்விடும். "எச்சக்குறி"யும் வேண்டாம். பெயரெச்சம், வினையெச்சம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை.

ஆகவே என் முன்மொழிவு: விடுகுறி. எழுத்தை விட்ட இடத்தைக் காட்டும் குறி. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. விடுகதை போலத்தான், "விடுக்குறி" என்று எழுத வேண்டாம். இப்போது அந்தப் பாடநூல் வரி: "உடைமைப் பொருளில் வரும் இட்ஸ் என்ற சொல்லில் எழுத்து எதுவும் விடுபடவில்லை, ஆகவே விடுகுறி இல்லை." பெயரே விதியைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

> கேர்ள்'ஸ், கேர்ள்ஸ்' இரண்டுக்கும் உங்கள் பெயர் என்ன விளக்கம் தரும்?

நியாயமான கேள்வி. பன்மைக்குப் பின்னால் நிற்கும் குறி எந்த எழுத்தின் இடத்திலும் நிற்கவில்லை. ஒருமையின் வழக்கத்தைப் பார்த்துப் பின்னர் வந்து நிலைத்தது அது. விடுகுறி என்ற பெயர் அங்கே முழுதாகப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரைப்புள்ளி எந்தப் புள்ளியின் பாதியும் அல்ல, ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

அதைக் கற்பிக்கத் தமிழே உதவும். கேர்ள்'ஸ், கேர்ள்ஸ்', கேர்ள்ஸ் மூன்றும் காதுக்கு ஒன்றுதான், எழுத்தில்தான் வேறுபாடு. தமிழில் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு காதிலேயே விழுகிறது: சிறுமியுடைய, சிறுமிகளுடைய, சிறுமிகள். "களுடைய" என்று வந்தால், முதலில் "கள்", அப்புறம் "உடைய". ஆங்கிலத்திலும் அதே வரிசை: முதலில் பன்மை "எஸ்", அப்புறம் குறி. வெறும் "கள்" மட்டும் என்றால் குறியே கிடையாது. கடைப்பலகைகளில் பன்மைக்கெல்லாம் குறி போடுகிற வழக்கம் இந்த ஒரு சோதனையில் நின்றுவிடும். சில்ட்ரன் போன்றவை "எஸ்" இல்லாமலே பன்மையாகிவிட்டதால் சில்ட்ரன்'ஸ் என்று குறி முன்னால் வரும். தனியாக வரும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளின் பன்மையில் மட்டும், படிக்கக் குழப்பம் வராமல் இருக்கக் குறி போடுவதுண்டு, அது விதிவிலக்கு.

"மேற்காற்புள்ளி" என்ற முன்மொழிவையும் ஒதுக்கிவிட மனமில்லை. உருவத்தை அப்படியே சொல்கிறது. ஆனால் தட்டச்சுப் பலகையில் இருப்பது வளையாத நேர்க்கோடு, காற்புள்ளி போலவே இல்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தருகிற யூனிகோடில் 0027 என்ற இடத்தில் இருப்பது அந்த நேர் வடிவம். அச்சில் வருகிற வளைந்த வடிவம் 2019, ஒற்றை மேற்கோளின் மூடும் குறியும் அதுவேதான். மென்பொருளை மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். நேர் விடுகுறி, வளை விடுகுறி என்று அடைமொழி சேர்த்தால் போதும்.

இது தமிழ் எழுதுபவர்களுக்கும் தேவைப்படுகிறது. '90களில் என்று தட்டினால் பல மென்பொருள்கள் அதை மேற்கோளின் தொடக்கம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் வளைத்துவிடுகின்றன. 19 விழுந்த இடம் அது, அங்கே வர வேண்டியது வளை விடுகுறி. 1990கள் என்று முழுதாக எழுதினால் எதுவும் விடுபடவில்லை, குறியும் வேண்டாம்.

மென்பொருள் இடைமுகங்களில் வேலை செய்கிற நண்பர்கள் இந்த இரண்டு அடைமொழிகளையும் ஒருமுறை இட்டுப் பார்த்து, இடம் கொள்கிறதா என்று இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்