மேற்குத் திண்ணைக்கு நிழல் வேணும்: வெச்ச கொன்றை பங்குனியிலேயே மொட்டை!

துறையூர் மருமகள்

வணக்கம். வீடு துறையூர் பக்கம். வீட்டுக்கு மேற்கால பத்துக்கு ஆறடியில ஒரு சிமெண்டுத் திண்ணை. மாமனாருக்கு சாயங்காலம் நாலு மணிக் காபி, பேப்பர் எல்லாம் அங்கதான். 2019-ல திண்ணைக்கு ஒட்டினாப்புல ஒரு சரக்கொன்றை வெச்சேன். "இலை உதிர்ற மரமா வைங்க, வெயில் காலத்துல நிழல், குளிர் காலத்துல வெயில்"னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. மரம் இப்ப பதினஞ்சு அடி, நல்லா இருக்கு. ஆனா மாசி கடைசியிலயே இலையெல்லாம் கொட்டி, இப்ப கறுப்புக் காய் மட்டும் முழ நீளத்துக்குத் தொங்குது. மாமனார் செருப்பில்லாம திண்ணையில கால் வைக்க முடியல. நேத்து காபி டம்ளரைத் தூக்கிட்டு கூடத்துக்கே வந்துட்டார்.

தண்ணி பத்தலையா? சீக்கா? இல்ல மரத்தையே மாத்தணுமா? சின்ன மரமா இருந்தாப் போதும். திண்ணைக்குத் தெக்கால பன்னெண்டு அடியில செப்டிக் டேங்க் இருக்கு.

மெல்பேர்ண் வாசி

தங்கச்சி, உந்த அறிவுரை இஞ்ச சரி. எங்கட வீட்டில கிரேப் மேட்டில் எண்டு ஒரு சின்னப் பூமரம் நிக்குது. இஞ்ச யூலை குளிர் காலம், ஜனவரி வெயில் காலம். யூலையில ஒரு இலை இராது, அந்த வெயில்தான் எங்களுக்கு வேணும். ஜனவரியில 40 பாகை தாண்டுற நாளில முழு நிழல். உங்கட ஊரில மார்கழியில வெயில் காயிற ஆக்கள் ஆர்?

முசிறி நாற்றங்கால்

இவங்க சொன்னதுதாம்மா விஷயம். உங்க மரத்துக்கு ஒரு நோவும் இல்ல. குளிர் நாட்டு மரம் குளிருக்கு இலையை உதிர்க்குது, நம்ம ஊர் மரம் வறட்சிக்கு உதிர்க்குது. கொன்றை மாசி பங்குனியில காலியாகி, சித்திரையில மஞ்சளாப் பூத்துத் தள்ளிட்டு, அப்புறம்தான் முழுசா இலை விடும். கேரளாவுல விஷுக்கணிக்கு வைக்கிற பூவே இதானே. குடம் குடமா ஊத்தினாலும் அந்தப் பழக்கத்தை விடாது. அதனால இலை உதிருமா உதிராதான்னு பாக்காதீங்க, சித்திரையில இலை இருக்குமான்னு பாருங்க.

என் கணக்குல புங்கைதான். அதுவும் உதிர்க்கும், ஆனா மொட்டையா நிக்கிறது கொஞ்ச நாள்தான். பங்குனியில எண்ணெய் தடவினாப்புல கொழுந்து வந்துடும், சித்திரைக்குக் குடை ரெடி. வேம்பும் அப்படித்தான், ஆனா உங்க இடத்துக்கு அது பெருசு. புங்கையும் விட்டா பெருசாகும், ஆனா வெட்டினா அடங்கும். முந்தி வயலுக்குத் தழை வெட்டி வெட்டியே வளர்த்த மரமாச்சே.

ரசனைக்காரன்

மரமல்லி வைங்க அக்கா. ராத்திரி வாசனை சும்மா தூக்கும். இல்லேன்னா குல்மொகர்.

முசிறி நாற்றங்கால்

தம்பி, மரமல்லி நெட்டுக்குப் போகும், காத்துக்குக் கிளை ஒடியும். பெரியவர் உட்கார்ற இடம் அது. குல்மொகரும் ஒடியுற ஜாதிதான். 2016 வர்தா புயல்ல சென்னைத் தெருவெல்லாம் கிடந்தது ஞாபகம் இருக்கா? போதாக்குறைக்கு அதுவும் கோடையில மொட்டையா நின்னு பூக்குற மரம்.

வாதாம் வெச்சு நொந்தவள்

வாதா மரம் மட்டும் வேண்டாம். நிழல் தட்டுத் தட்டா அருமையா இருக்கும், ஆனா வருஷத்துல ரெண்டு தடவை முறத்தளவு இலை கொட்டும். விளக்குமாறும் கையுமா நான். புங்கையும் சுத்தம்னு நினைக்காதீங்க, பூக்குற காலத்துல திண்ணையில பொரி கொட்டினாப்புல கிடக்கும், தேனீயும் வரும். இலையில கொப்புளம் கொப்புளமாவும் வரும், அதுக்கு மரம் சாகாது. ஆனா அடிக்கிளையையெல்லாம் எட்டடி வரைக்கும் கழிச்சு விட்டுடுங்க, தலை இடிக்கும்.

முசிறி நாற்றங்கால்

பூ, கொப்புளம் ரெண்டும் உண்மை. ஆனா கிளை கழிக்கிறதுல பொறுங்க. இது மேற்கு வெயில், தாழ்ந்து வரும். வைகாசியில நாலு மணிக்குப் பத்தடி தள்ளி நிக்கிற மரத்தை, தரையிலிருந்து ஏழடி உசரத்துல கடந்துதான் வெயில் உங்க திண்ணைத் தரைக்கு வருது. அஞ்சு மணிக்கு நாலடிக்கும் கீழ. எட்டடிக்குக் கழிச்சா வெயில் அடியில புகுந்து மாமனார் மூஞ்சியிலயே அடிக்கும். திண்ணைப் பக்கத்துக் கிளையை மட்டும் தூக்கி வெட்டுங்க, மேற்கால தொங்குறது தொங்கட்டும்.

இன்னொண்ணு. உங்க ஊர்ல ஏப்ரல் மூணாவது வாரம் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல வந்துட்டு, அப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் வடக்கால போயிடும். சித்திரை வைகாசியில சாயங்கால வெயில் வடமேற்குப் பக்கம் சாய்ஞ்சுதான் வரும். அதனால குழியை நேர் மேற்குல எடுக்காம, கொஞ்சம் வடக்கே தள்ளி எடுங்க. திண்ணையிலிருந்து பத்தடி. செப்டிக் டேங்கும் தெக்கால விலகிடும். மூணடி சதுரம், மூணடி ஆழம், மக்கின எரு, செம்மண். இப்ப வைக்காதீங்க, ஆடி முடிஞ்சு வைங்க. ஐப்பசி மழை பிடிச்சு நிமிர்த்திடும்.

துறையூர் மருமகள்

ரொம்ப நன்றிங்க அண்ணா. அப்ப கொன்றையை வெட்டிடவா? புங்கை வளர்ற வரைக்கும் என்ன பண்றது?

முசிறி நாற்றங்கால்

பூக்குற நேரத்துல வெட்டுவாங்களாம்மா? அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆனியிலிருந்து அதுவும் நிழல் குடுக்கும். புங்கை திண்ணைக்கு எட்ட நாலஞ்சு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மேற்கால நாலு சவுக்குக் கம்பு நட்டு கீத்துத் தட்டி கட்டுங்க. அதுல கோவைக்கொடி ஏத்தி விட்டா அடுத்த வருஷம் காயும் கிடைக்கும்.

துறையூர் மருமகள்

நேத்து நாலு மணிக்கு, நீங்க சொன்ன இடத்துல ஒரு நெட்டுக் கம்பை நட்டுப் பாத்தோம். நிழல் திண்ணையைத் தாண்டி சுவர்ல ஏறுது. மாமனார் சுண்ணாம்பால கோடு போட்டு, நாற்காலியை அந்தக் கோட்டு மேலயே போட்டுக்கிட்டார். கம்பு நிழல் மூக்களவுக்குத்தான் இருந்துச்சு. தட்டிக்கு ஆள் சொல்லியாச்சு.