டிரம் ஸ்மோக்கருக்கு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி: விசிறி நின்ற பிறகும் சூடு ஏறுவது ஏன்?

கெடிலக்கரை (கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். 200 லிட்டர் இரும்பு டிரம் ஒன்றைப் பட்டறையில் கொடுத்து, அடியில் கரிக்கூடையும் நடுவில் கம்பித் தட்டும் மேலே மூடியும் புகைபோக்கியும் பொருத்தி ஸ்மோக்கராக மாற்றி, மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். கோழியையும் பன்றியின் தோள்பகுதிக் கறியையும் 110 டிகிரி செல்சியஸில் நிதானமாகப் புகையில் வேகவைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் கரி கனன்று, வெப்பம் 150 டிகிரியைத் தாண்டிவிடுகிறது.

இதைக் கட்டுக்குள் வைக்க ஆர்டுயினோ பலகை (நிரலை இயக்கும் சிறு கணினிப் பலகை), கே வகை தெர்மோகப்பிள் (வெப்பத்தை உணரும் கம்பி இணை), அதன் அளவை எண்ணாக மாற்றும் மேக்ஸ் 6675 சில்லு, 12 வோல்ட் ஊதுவிசிறி ஆகியவற்றைக் கொண்டு ஒரு கருவியை அமைத்தேன். 110 டிகிரிக்குக் கீழே விசிறி ஓட வேண்டும், மேலே போனால் நிற்க வேண்டும் என்பது மட்டுமே நிரல். விசிறி சொன்னபடி நிற்கிறது. வெப்பம் மட்டும் 135 வரை ஏறி, இறங்குவதற்கு நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. பி.ஐ.டி. முறைக்கு, அதாவது இலக்குக்கும் இப்போதைய வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு விசிறியைக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு, மாறினால் இது தீருமா? தெர்மோகப்பிளின் முனையை எங்கே வைப்பது சரி? பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஓடு எளிதாகக் கிடைக்கிறது. அதைப் புகைக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

நண்பருக்கு வணக்கம். நிரலைத் தொடுவதற்கு முன் டிரம்மைப் பாருங்கள். உங்கள் கருவியிடம் ஆக்ஸிலேட்டர் மட்டும்தான் இருக்கிறது, பிரேக் இல்லை. விசிறியால் கரிக்குக் காற்றைக் கூட்ட முடியுமே தவிர, வேறு வழியாக நுழையும் காற்றைத் தடுக்க முடியாது. மூடியின் விளிம்பு, வெல்டிங் இணைப்பு, பழைய காற்றுத் துளை ஆகியவற்றின் வழியே கசியும் காற்றே 135 டிகிரிக்குப் போதுமானதாக இருந்தால், எவ்வளவு நுட்பமான கணக்கை எழுதினாலும் வெப்பம் அதற்குக் கீழே இறங்காது.

இன்னொரு வழியைப் பலரும் கவனிப்பதில்லை. விசிறி நின்றிருக்கும்போதும் அதன் இறக்கைகளுக்கு இடையே காற்று போகும். புகைபோக்கியில் சூடான புகை மேலெழும்போது, கீழே ஓய்ந்திருக்கும் விசிறியின் வழியாகவே புதுக் காற்று உள்ளிழுக்கப்படுகிறது. கடற்காற்று விசிறியின் வாயை நேராகப் பார்த்து வீசினால் சொல்லவே வேண்டாம். ஆகவே விசிறிக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள குழாயில், மேல்விளிம்பில் மட்டும் கீல் வைத்த மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைத் தொங்கவிடுங்கள். விசிறி ஊதும்போது அது விலகும், நின்றதும் தன் எடையால் விழுந்து மூடிக்கொள்ளும். பலத்த காற்றில் அதுவும் விலகக்கூடும் என்பதால் விசிறியின் வாயைக் காற்று வராத பக்கம் திருப்பிவையுங்கள். விசிறியைக் கரியின் சூடு தாக்காத தொலைவில் வைக்கும் அளவுக்குக் குழாய் நீளமாக இருக்கட்டும். அது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயாக இருக்க வேண்டாம்.

மூடியின் விளிம்புக்குக் கண்ணாடி இழைக் கயிறு போதும். டிரம் சரியாக அடைபட்டதா என்று அறிய, கரி நன்றாகப் பிடித்த பிறகு விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். வெப்பம் தொடர்ந்து இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டால் இன்னும் கசிவு இருக்கிறது என்று பொருள். புகைபோக்கியை மட்டும் முழுதாக மூடிவிடாதீர்கள். புகை தேங்கினால் கறி கசக்கும்.

வில்லியனூர் (புதுச்சேரி):

மேலே நண்பர் சொன்னதைச் செய்து முடித்த பிறகு பி.ஐ.டி.க்கு வாருங்கள், அப்போது அது உண்மையாகவே பயன் தரும். இதில் அதிகம் தொல்லை கொடுப்பது 'ஐ' என்ற பகுதி, அதாவது இலக்கிலிருந்து விலகிய அளவை (பிழையை) நேரம் செல்லச் செல்லக் கூட்டிக்கொண்டே போகும் பகுதி. தொடக்கத்தில் டிரம் 30 டிகிரியிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பிழை சேர்ந்து சேர்ந்து பெரிய எண்ணாகிவிடும். 110ஐத் தொட்ட பிறகும் அந்தச் சேமிப்பு கரையும் வரை விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். எனவே வெப்பம் இலக்குக்குப் பத்து டிகிரி அருகில் வந்த பிறகே பிழையைக் கூட்டத் தொடங்குமாறும், கூட்டுத்தொகைக்கு ஓர் உச்சவரம்பு இருக்குமாறும் எழுதுங்கள். கரி மெதுவாகவே மறுமொழி கொடுக்கும் என்பதால் வெப்பம் மாறும் வேகத்தைப் பார்க்கும் 'டி' பகுதியைச் சுழியமாக வைத்தே தொடங்கலாம். சிறிய விசிறிகள் மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் சுழலத் தொடங்காமல் திணறும். அதற்குப் பதில் பத்து விநாடிக்கு இரண்டு விநாடி, மூன்று விநாடி என்று முழு வேகத்தில் ஓடவிடுவது எளிது.

மேக்ஸ் 6675 ஒருமுறை அளவெடுக்க 0.22 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் மறுபடி கேட்டால் பழைய எண்ணையே தரும். விநாடிக்கு ஒருமுறை படித்தால் போதும். அந்தச் சில்லு தன்னுடைய வெப்பநிலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதால், பெட்டியை டிரம்மின் அனல் படும் இடத்தில் வைக்கக் கூடாது. தெர்மோகப்பிளின் கம்பியைச் சாதாரணச் செம்புக் கம்பியால் நீட்டினாலும் அளவு பிசகும். கே வகைக்கென்றே விற்கும் கம்பியை வாங்குங்கள். சோதனைக்குக் கொதிக்கும் நீர் போதும்: கடலூர் கடல் மட்டத்தில் இருப்பதால் 100 டிகிரிக்கு மிக அருகில் காட்ட வேண்டும். சூடுபடுத்தும்போது எண் குறைந்தால் அதன் இரு கம்பிகளும் இடம் மாறி இணைக்கப்பட்டிருக்கின்றன. தெர்மோகப்பிளின் முனையைக் கம்பித் தட்டின் உயரத்தில், கறியிலிருந்தும் டிரம்மின் சுவரிலிருந்தும் சற்று விலக்கி வையுங்கள். மூடியில் பதித்த முள்காட்டி காட்டும் எண் தட்டின் வெப்பம் அல்ல.

விசிறியை இயக்கி நிறுத்தும் மின்னணுச் சுவிட்சான மாஸ்ஃபெட்டின் கேட் முனையிலிருந்து (பலகையின் கட்டளை வந்து சேரும் முனை) தரைக்கு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றை அவசியம் போடுங்கள். அது இல்லாவிட்டால் பலகை மீண்டும் தொடங்கும் நேரத்தில் விசிறி தானாக ஓடக்கூடும். விசிறிக்குக் குறுக்கே ஒரு டையோடும் வேண்டும்.

சவுக்குத்தோப்பு (கடலூர் மாவட்டம்):

முந்திரி ஓடு வேண்டவே வேண்டாம், ஐயா. அதிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையுடையது. அதன் புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். அதில் உணவைக் காட்டலாகாது. சீமைக்கருவேலங்கரி நீடித்து எரியும். புகைக்கு நன்றாகக் காய்ந்த கொய்யாக் கட்டையில் இரண்டு மூன்று துண்டுகள் போதுமானவை. மழைக்காலத்தில் கரி ஈரம் இழுத்துக்கொள்ளும் என்பதால் மூடிய டப்பாவில் வையுங்கள்.

டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விசாரித்தீர்களா? நம் ஊரில் ரசாயன ஆலைகள் இருப்பதால், அங்கிருந்து கழிக்கப்பட்ட டிரம்களும் பழைய இரும்புக் கடைகளுக்கு வரக்கூடும். உள்ளே இருந்தது என்னவென்று உறுதியாகத் தெரியாத டிரம்மில் சமைக்காதீர்கள்.

கெடிலக்கரை (கடலூர்):

மூவருக்கும் மிக்க நன்றி. டிரம் சமையல் எண்ணெய் வந்த டிரம். உள்பூச்சு முழுவதையும் எரித்துச் சுரண்டிய பிறகே பட்டறைக்குக் கொடுத்தேன். மூடிக்குக் கயிறும் குழாய்க்குத் தகடும் வைத்ததும், விசிறியை நிறுத்தினால் வெப்பம் இப்போது 100க்கும் கீழே இறங்குகிறது. கறியைத் திருப்ப மூடியைத் திறக்கும்போது மட்டும் அளவு சட்டென்று வீழ்ந்து, விசிறி முழு வேகத்தில் ஊதி, மூடிய பிறகு வெப்பம் எகிறுகிறது. இதற்கு என்ன செய்யலாம்?

வில்லியனூர் (புதுச்சேரி):

அரை நிமிடத்துக்குள் பதினைந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் மூடி திறந்திருக்கிறது என்று நிரல் புரிந்துகொண்டு, ஐந்து நிமிடங்களுக்கு விசிறியை நிறுத்தி, 'ஐ' கூட்டுத்தொகையையும் அப்படியே உறையவைக்கட்டும். திறந்தபோது போன காற்றே கரியைப் போதிய அளவு தூண்டியிருக்கும். மின்வெட்டு ஏற்பட்டாலும் விசிறி நிற்கும், தகடு மூடும், தீ தணியும். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மின்சாரம் திரும்பியதும் கோழியின் தடித்த பகுதியில் இன்னொரு வெப்பமானியைக் குத்தி, உள்ளே 74 டிகிரி வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பரிமாறுங்கள்.